கோலுக்குக் கொள்ளி! சாட்டைக்குச் சாமரம்!

2001 ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 30 ஆம் நாள். அமெரிக்க நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்திலே அலமகோர்டோ என்றோர் ஊர். கிறித்து பிறந்த நாளைக் கொண்டாடி ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவ்வூர்ச் சபையொன்றின் வெளியிலே தீ மூட்டப்படுகிறது. குளிர் காயவா? இல்லை! ஏடுகளை எரிக்க! அதுவும், குழந்தைகள் இரவு விளக்கை அணைக்க மனமின்றி ஆவலோடு படிக்கும் ஏடுகளை எரிக்க!

எரிந்தவன் யார்? மூக்கிலே கண்ணாடி, நெற்றியிலே மின்னல் போன்ற தழும்பு, கையிலே மந்திரக்கோல் – ஹாரி பாட்டர் எனும் கற்பனைச் சிறுவன். அவன் கதை சாத்தானின் சூழ்ச்சி, பிள்ளைகளைச் சூனியத்துக்கு இழுக்கும் வலை என்று சபையின் போதகர் முழங்கினார். அந்த நூல்களில் ஒன்றையேனும் அவர் படித்ததுண்டா? படித்ததில்லை என்று அவரே செய்தியாளரிடம் சொன்னார்! படிக்காதவர் தீர்ப்பளித்தார், படித்த பிள்ளைகளின் நூல் சாம்பலாயிற்று. அந்தத் தீயிலே சேக்சுபியரின் நூலும் விழுந்ததென்று செய்தி வந்தது. மாக்பெத்திலே சூனியக்காரிகள் மூவர் வருகிறார்களே, அந்தக் குற்றத்துக்காகவோ, அல்லது கைக்கு எட்டியதற்காகவோ, நாமறியோம்.

இனி, மற்றொரு நாளைக் காண்போம். 2004 ஆம் ஆண்டு, பிப்ரவரி 25. கிறித்தவர்கள் சாம்பற்புதன் என்று நோன்பு தொடங்கும் நாள். அன்று மெல் கிப்சன் எடுத்த ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ எனும் படம் திரைக்கு வந்தது. இயேசுவின் இறுதிப் பன்னிரண்டு மணி நேரம் கதை. கதை என்பதைக் காட்டிலும் காயம் என்பது பொருந்தும். கட்டிவைத்து அடிக்கிறார்கள்; அடித்த கோல் போதாதென்று இரும்புக் கொளுவி தைத்த சாட்டையை எடுக்கிறார்கள்; அது தசையைப் பிய்த்தெடுப்பதை ஒளிப்படக் கருவி அருகே சென்று, அசையாமல் நின்று, நமக்குக் காட்டுகிறது. ரோஜர் ஈபர்ட் என்னும் புகழ்பெற்ற திறனாய்வாளர் அப்படத்தைப் பாராட்டி எழுதியவர். அவரே தாம் கண்ட படங்களில் இதுபோல் வன்முறை நிறைந்தது வேறில்லை என்றார். ‘ஆர்’ என்ற முத்திரை அதற்குக் கிடைத்தது. 17 வயது நிரம்பாதவர் பெற்றோரோ காப்பாளரோ உடன்வராமல் நுழையக்கூடாது என்பது அதன் பொருள்.

இந்தப் படத்துக்குச் சபைகள் தந்த வரவேற்பு யாது? கொள்ளியா? இல்லை, சாமரம்! சபைகள் கொட்டகையை மொத்தமாக வாடகைக்குப் பிடித்தன. நுழைவுச்சீட்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கின. மேடையிலிருந்தே, செல்க, காண்க என்று போதகர்கள் அழைத்தனர். ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவிலே உருவான படம், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 37 கோடி டாலரை ஈட்டியது. உலகமெங்கும் சேர்த்து 60 கோடியைத் தாண்டியது. சீட்டு வாங்கிய கைகள் பல, பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டுதான் கொட்டகைக்குள் நுழைந்தன.

எரித்த சபையும் சீட்டு வாங்கிய சபையும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஆதாரமின்றிக் கூறுவது பகுத்தறிவாளர்க்கு அழகுமன்று. ஆனால், இரண்டையும் ஒரே உள்ளத்திலே வைத்திருந்தோர் உண்டு. ‘ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி’ எனும் பெரிய கிறித்தவ அமைப்பை நிறுவிய ஜேம்ஸ் டாப்சன் கிப்சனின் படத்தைப் போற்றினார். அதே டாப்சன் பாட்டரைப் பாராட்டியதாக 2007 இல் ஓர் ஏட்டிலே தவறுதலாகச் செய்தி வந்ததும், இல்லை, இல்லை, அவர் கருத்து நேர்மாறானது என்று அவ்வமைப்பு மறுப்பு வெளியிட்டது. கற்பனைச் சிறுவனின் கோல் ஆகாது. கண்முன்னே தசையைக் கிழிக்கும் சாட்டை ஆகும்! இந்த எடைக்கல் எந்தக் கடையில் வாங்கியது?

கிறித்தவர் எல்லோரும் இப்படியென்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே. சார்லஸ் கோல்சன் என்ற கிறித்தவத் தலைவர் 1999 லேயே, அந்நூல்களில் வரும் மந்திரம் வெறும் பொறிபோன்றது, பேயை அழைக்கும் வேலையன்று என்று சொல்லி நூலுக்குத் துணை நின்றார். ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ எனும் இதழ் 2000 சனவரியில் அதை விரும்பித் தலையங்கமே தீட்டிற்று. மறுபுறத்தில், 2003 இல் கர்தினாலாக இருந்த ராட்சிங்கர், பாட்டரைத் தாக்கி நூலெழுதிய செர்மானியப் பெண்மணிக்கு மடல் வரைந்தார். அக்கதைகளின் நயமான கவர்ச்சி, உள்ளத்திலே சமயம் வேர்விடுமுன்பே அதைக் கெடுத்துவிடும் என்னும் கருத்தை ஆமோதித்தார். இரண்டாண்டில் அவரே போப்பாண்டவர் ஆனார். ஆக, வீட்டுக்குள்ளேயே வழக்கு இருந்தது. ஆயினும் அமெரிக்க நூலகச் சங்கம் 2000 முதல் 2009 வரை தொகுத்த பட்டியலில், அந்தப் பத்தாண்டில் மிக அதிகமாக எதிர்ப்புக்குள்ளான நூல் வரிசை எது தெரியுமா? ஹாரி பாட்டர்!

படிக்காமல் எதிர்ப்பது அலமகோர்டோவோடு நிற்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் குவினெட் மாவட்டத்திலே தாய் ஒருவர், 2005 முதல் 2007 வரை, பள்ளி நூலகத்திலிருந்து அந்நூல்களை நீக்கவேண்டுமென்று கல்விக்குழு, மாநிலக் குழு, நீதிமன்றம் என்று படியேறினார். எல்லாப் படியிலும் தோற்றார். முழுமையாகப் படிக்கவில்லை என்பதை அவரும் மறைக்கவில்லை. இன்னும் ஒரு வேடிக்கை. ‘தி ஆனியன்’ என்பது பொய்ச் செய்தி எழுதிச் சிரிப்பூட்டும் நையாண்டி ஏடு. பாட்டர் நூல்களால் சாத்தான் வழிபாடு குழந்தைகளிடையே பெருகிவிட்டது என்று 2000 ஆம் ஆண்டில் அது கேலியாக எழுதிற்று. பக்தர்கள் அதை மெய்யென்றே நம்பி, ‘பாரீர், சான்று!’ என்று ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்டனர். மேதினியில் எந்த நையாண்டிக்காரனுக்கும் இதைவிடப் பெரிய பரிசு கிடைத்திராது!

இவர்களின் அச்சத்தைச் சற்றே உரித்துப் பார்க்கவேண்டும். மந்திரக்கதை ஆபத்து என்கிறார்களே, ஏன்? மந்திரம் பொய், பொய்யைப் பிள்ளை நம்பிவிடும் என்ற கவலையா? இருந்தால், கைகுலுக்கி வரவேற்றிருப்போம். கவலை அதுவன்று. மந்திரம் மெய், ஆகவே தொடாதே என்பதே அவர்கள் வாதம்! 2019 இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், கத்தோலிக்கப் பள்ளியொன்றின் நூலகத்திலிருந்து பாட்டர் வரிசை அகற்றப்பட்டது. அகற்றிய பாதிரியார் பெற்றோர்க்கு எழுதிய மடலிலே, நூலில் வரும் சாபங்களும் மந்திரங்களும் உண்மையானவை, வாய்விட்டுப் படித்தால் தீய ஆவிகள் வரக்கூடும் என்று காரணம் கூறினார். எழுதிய ரௌலிங் அம்மையார், இலத்தீனையும் தம் கற்பனையையும் குழைத்துச் செய்த சொற்கள் அவை. அவற்றை உரக்கப் படித்தால் பேய் வருமாம்! அதே 2019 இல், மார்ச் 31 அன்று, போலந்து நாட்டின் கிதான்ஸ்க் நகரில் பாதிரியார்கள் மூட்டிய தீயிலே பாட்டரோடு ஆப்பிரிக்க முகமூடி ஒன்றும், பூனைப்படம் போட்ட ‘ஹலோ கிட்டி’ குடை ஒன்றும் எரிந்தன. குடை செய்த குற்றம் யாதோ! பிறகு எதிர்ப்பு எழவே மன்னிப்புக் கோரினர்.

சூனியம் மெய் என்று நம்பியோர் ஆண்டகாலம் எப்படி இருந்தது என்பதை அமெரிக்கா அறியாததன்று. 1692 இல் சேலம் எனும் ஊரிலே, சிறுமியர் சிலரின் துடிப்பையும் கூச்சலையும் சான்றாகக் கொண்டு 19 பேரைத் தூக்கிலிட்டனர்; ஒரு முதியவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றனர். சூனியக்காரியை உயிரோடு விடாதே என்று யாத்திராகமத்திலே கட்டளை இருக்கிறதல்லவா, அதுதான் அவர்களின் சட்டநூல். பின்னர் அறிவு மெல்ல மெல்லக் கண்விழித்தது. 1735 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தையே புரட்டிப்போட்டது. சூனியம் செய்தாள் என்று எவர்மீதும் வழக்கில்லை. சூனியம் தெரியும் என்று சொல்லி ஊரை ஏய்ப்பவன்மீதே வழக்கு! மந்திரத்தின் முகத்திலே சட்டம் உமிழ்ந்த நாள் அது. அந்நாள் கழிந்து இருநூற்றெண்பது ஆண்டுகளுக்குமேல் ஆனபின்பு, பள்ளியொன்றின் மடலிலே, மந்திரம் மெய்யென்று மீண்டும் எழுதப்படுகிறது. மூடநம்பிக்கையைப் பரப்புவது யார்? கதை எழுதிய அம்மையாரா, கதையைக் கண்டு நடுங்கிய பாதிரியாரா?

மந்திரமே குற்றம் என்பதும் உறுதியான வாதமாக இல்லை. 1950 இல் வெளிவந்த சி. எஸ். லூயிசின் நார்னியா முதற்கதையிலே சூனியக்காரி உண்டு, பேசும் சிங்கம் உண்டு, செத்து மீளும் மாயம் உண்டு. அவர் கிறித்தவ நெறிக்காக வாதாடிய எழுத்தாளர். ஆகவே 2005 இல் அது படமானபோது சபைகள் முன்னின்று விளம்பரம் செய்தன. டோல்கீன் கத்தோலிக்கர், அவருடைய மந்திரவாதி காண்டால்ஃபுக்கு மாலை. மேடலின் லெங்கிள் அம்மையாரும் கிறித்தவரே. ஆனால் அவருடைய ‘எ ரிங்கிள் இன் டைம்’ எனும் 1962 ஆம் ஆண்டு நூல் மட்டும், நல்ல சிறுவர் நூலுக்கான நியூபெரி பரிசு பெற்றிருந்தும், சூனியக்கதை என்று ஏசப்பட்டது. காரணம் காண முயன்று நாம் களைத்துப்போனோம்.

பிலிப் புல்மன் நிலை வேறு. அவர் கடவுள் மறுப்பாளர், மறைத்ததில்லை. அவருடைய ‘நார்தர்ன் லைட்ஸ்’ 2007 டிசம்பரில் ‘தி கோல்டன் காம்பஸ்’ என்று படமானது. பார்க்காதீர், பார்த்தால் பிள்ளை நூலையும் வாங்கிவிடும் என்று கத்தோலிக்கச் சங்கம் ஒன்று புறக்கணிப்பை முழங்கிற்று. அமெரிக்க ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகம் படத்தைப்பற்றி ஓரளவு நல்ல மதிப்புரையே எழுதியிருந்தது. கூச்சல் எழுந்ததும் அம்மதிப்புரை சத்தமின்றி நீக்கப்பட்டது! படத்தயாரிப்பாளரோ சமயத்தைச் சாடும் பகுதிகளை முன்பே மழுக்கிவிட்டிருந்தனர். அடிபணிந்தும் அடிதான் கிடைத்தது. அடுத்த பாகங்கள் வரவே இல்லை.

இனி, எரிக்கப்பட்ட நூலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டாமா? எரித்தவர்தாம் பார்க்கவில்லை, நாமேனும் பார்ப்போம்.

தாய் தந்தையை இழந்த சிறுவன், உறவினர் வீட்டிலே மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்திலே படுத்து வளர்கிறான். பின்னர் ஒரு பள்ளிக்குச் செல்கிறான். அங்கே மந்திரம் வரமாக வருவதில்லை. பேயோடு உடன்படிக்கை செய்தும் வருவதில்லை. பாடநூல் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, தேர்வு உண்டு! குறிசொல்லக் கற்றுத்தரும் ஆசிரியை ஒருவர் வருகிறார். அவரைக் கதையே நகையாடுகிறது. பள்ளிப்பிள்ளைகளோடு நாள்தோறும் உழலும் நமக்கு ஒன்று தெரியும். துடைப்பத்தின்மேல் பறக்கலாம் என்று நம்பிய பிள்ளையை நாம் கண்டதில்லை. துடைப்பத்தைக் குதிரையாக்கி விளையாடிவிட்டு, மணியடித்ததும் மூலையிலே சாத்திவிட்டுப் போகும் பிள்ளைகளையே கண்டிருக்கிறோம். பாசாங்கு எது, மெய் எது என்பதிலே அவர்களுக்குக் குழப்பமில்லை. குழப்பம் பெரியோர்க்கு.

கதையின் பகைவன் வால்டமார்ட் என்ன சொல்கிறான்? தூய இரத்தம் உடையோரே ஆளப்பிறந்தோர். மந்திரமறியாப் பெற்றோர்க்குப் பிறந்தவர் சேற்று இரத்தம். அவர்க்குப் பள்ளியிலே இடமில்லை, நாட்டிலே வாழ்வில்லை. இதைக் கேட்டதும் உங்கள் காதில் வேறொரு குரல் ஒலிக்கிறதா? ஒலிக்கத்தான் செய்யும்! பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் கூட்டம் எந்த மண்ணிலும் ஒரே மொழியைத்தான் பேசுகிறது. அந்தச் சேற்று இரத்தம் என்ற வசை சுமக்கும் பெண் ஹெர்மாயினிதான் வகுப்பிலே முதல்வி. வகுப்பில் மட்டுமா? ஆபத்து வரும்போதெல்லாம் தேடிப்படித்து வழிகாண்பவள் அவளே. பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள், கோடிக்கணக்கில். ஏழு நூல்களும் சேர்ந்து 50 கோடிப் படிகளுக்குமேல் விற்றதாக 2018 இல் அறிவிப்பு வந்தது. இரத்தத் தூய்மை பேசுவோன் கொடியவன் என்ற செய்தி 50 கோடிப் படிகளிலே சென்றிருக்கிறது. இதுவா சாத்தான் வேலை?

குறையில்லாத நூலென்று நாம் பல்லக்கு தூக்கவில்லை. நமக்கும் வழக்கு உண்டு, ஆனால் வேறிடத்தில். மந்திரத் திறன் பிறப்போடு வருவதாகவே கதை வைத்திருக்கிறது. இரத்தவெறியனைக் கண்டிக்கும் கதைக்கு இது பொருந்தாத அடித்தளம். நாயகன் முன்னமே குறிசொல்லப்பட்டவன். குறிசொல்வதை ஒருகையால் நகையாடி மறுகையால் ஏற்றுக்கொள்கிறார் ஆசிரியர். இன்னும் பெரிது ஒன்று. வீட்டுவேலைக்கென்றே பிறந்தவை எனப்படும் குறளிகள் இக்கதையில் உண்டு. உடை ஒன்று தந்தாலன்றி அவற்றுக்கு விடுதலை இல்லை. ஹெர்மாயினி அவற்றின் உரிமைக்காக ஓர் இயக்கமே தொடங்குகிறாள். அதைத் தோழர்களும் கேலி செய்கிறார்கள், கதையும் ஓரளவு சேர்ந்து சிரிக்கிறது! டாபி என்ற ஒரு குறளி விடுதலை பெற்று, வீரனாய் மடிகிறது. மற்றவை, ஏழாம் நூல் முடிந்த பின்னும், அடுக்களையிலே. அடிமைக்கு அடிமைத்தனமே பிடிக்கும் என்ற பழைய பாட்டை, இத்துணை நல்ல நூலிலே கேட்பது நமக்குக் கசப்பு. சபையார் இதைக் குறித்து வாய்திறந்ததுண்டா? மறந்தும் இல்லை.

அவர்கள் காணாத மற்றொன்றும் இருக்கிறது. ஏழாம் நூலிலே, ஹாரியின் பெற்றோர் கல்லறைமீது பொறித்திருப்பது விவிலிய வாசகம். அருகே இன்னொரு கல்லறைமீதும் அப்படியே. தாம் ஸ்காத்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றும், கதையில் கிறித்தவச் சாயல் இருப்பது வெளிப்படை என்றும் 2007 இல் ரௌலிங் கூறினார். பத்தாண்டாய் எரித்தது தம் கூட்டத்தார் எழுத்தை!

கிப்சன் படத்தை மீண்டும் எடுப்போம். துன்பத்தைக் காட்டுவதே தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஆதிக்கக்காரன் ஒரு மனிதனை எப்படி நசுக்குகிறான் என்று காட்டும் கலைக்கு இடமுண்டு. ஆனால், அந்த மனிதன் என்ன பேசினான், ஏன் ஆதிக்கக்காரர்க்கு அவன் பகையானான், ஏழைகளிடம் என்ன சொன்னான் என்பன இப்படத்தில் சிறுசிறு நினைவுக் காட்சிகளாய் மின்னி மறைகின்றன. அடி மட்டுமே நிறைந்து நிற்கிறது. பேச்சைக் குறைத்துப் புண்ணைப் பெருக்கிய படம். யூதர்மீது பழைய பழியைச் சுமத்துகிறதென்று யூத அமைப்புகள் கண்டித்தன. பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருக்கட்டும் என்று கூட்டம் கூவும் இடத்தில், எழுத்து மட்டும் திரையிலிருந்து எடுக்கப்பட்டது, குரல் எடுக்கப்படவில்லை. 2005 மார்ச்சில் கொடுமைக் காட்சிகளில் சில நிமிடங்களை வெட்டி மறுபதிப்பு ஒன்று வந்தது. வெட்டிய பிறகும், ‘ஆர்’ முத்திரைக்குக் கீழிறங்கித் தர தணிக்கையினர் இசையவில்லை!

ஏன் இந்தச் சாட்டை இனித்தது, அந்தக் கோல் கசந்தது? விடை, ஆர்க்கன்சா மாநிலத்துச் சேடர்வில் எனும் சிற்றூர் வழக்கிலே கிடைக்கிறது. அதற்குமுன் நம் வீட்டையும் சற்றுப் பெருக்கிக்கொள்வோம்.

மந்திரக்கதை பிள்ளைகளின் அறிவைக் கெடுக்கும், ஆகவே நாமும் எதிர்க்கவேண்டும் என்று நம் தோழர்களிலேயே சிலர் வாதிடக் கேட்டிருக்கிறோம். ரிச்சர்ட் டாக்கின்ஸ் போன்ற பெரும் பகுத்தறிவாளரே, தேவதைக்கதைகள் இயற்கைக்கு மாறானதை நம்பும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளர்க்குமோ என்று 2008 இலும் 2014 இலும் ஐயம் எழுப்பினார். பின்னர், தடை கேட்கவில்லை, கேள்வியே கேட்டேன் என்று விளக்கினார். கேள்வி கேட்கலாம். நம் விடை இது: கதை, தன்னைக் கதையென்று சொல்லிக்கொண்டு வருகிறது. அட்டையிலேயே ஆசிரியர் பெயர் இருக்கிறது. நம்பு, நம்பாவிட்டால் நரகம் என்று அது மிரட்டுவதில்லை, காணிக்கை கேட்பதில்லை, மூடிவைத்தால் மூடிக்கிடக்கிறது. இவற்றுள் ஒன்றைக்கூடச் செய்யாத ஏட்டின்மீது நாமும் கல்லெறிந்தால், எறியும் கை நம்முடையது என்பதைத் தவிர, அலமகோர்டோவுக்கும் நமக்கும் வேற்றுமை ஏது? பொய் வேறு, புனைவு வேறு. இந்தப் பாகுபாட்டை இழந்தவன் கோயிலுக்குள் நின்றாலும் வெளியே நின்றாலும் ஒரே இருட்டில்தான் நிற்கிறான்.

சேடர்வில் சேதிக்கு வருவோம். அவ்வூர்ப் பள்ளியிலே பாட்டர் நூல்கள்மீது முறையீடு வந்தது. நூலகக்குழுவினர் 15 பேரும் ஆய்ந்து, ஒருவர்கூட மாறுபடாமல், நூல் இருக்கட்டும் என்றனர். கல்விக்குழுவோ 2002 இல், 3 வாக்குக்கு 2 என்ற கணக்கிலே, அதை மாற்றிற்று: நூல்கள் அலமாரியில் இருக்கக்கூடாது, பெற்றோர் கையொப்பமிட்ட சீட்டோடு வரும் பிள்ளைக்கு மட்டும் எடுத்துத் தரவேண்டும். காரணம் இரண்டு சொன்னார்கள். ஒன்று, சூனியம். மற்றது? இந்நூல் பிள்ளைகளிடம் கீழ்ப்படியாமையையும் அதிகாரத்தை மதியாமையையும் வளர்க்கும் என்பது!

வந்ததா உண்மை வெளியே! ஹாரியும் தோழர்களும் விதியை மீறுகிறார்கள். தலைமையாசிரியரையும் கேள்வி கேட்கிறார்கள். பொய் சொல்லும் அரசாங்கத்தைப் பொய்யென்கிறார்கள். மாணவரை வதைக்க அரசே அனுப்பிய அம்மையாருக்கு எதிராக மறைவிலே கூடிப் பயில்கிறார்கள். கிப்சன் படத்தின் நாயகனோ, அடிக்க அடிக்க எழுந்து நின்று, மீண்டும் அடிக்கு முதுகு காட்டுகிறான். பார்ப்போரை அழவும் பணியவும் வைக்கிறான். பணிவைப் புகட்டும் குருதி எவ்வளவு ஓடினாலும் அது திருக்காட்சி. கேள்வியைப் புகட்டும் கோல், துளிக் குருதி சிந்தாவிட்டாலும் தீக்கு இரை. எடைக்கல் இந்தக் கடையில் வாங்கியதுதான், தோழர்களே!

சேடர்வில் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் சென்றது. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெற்றோர் தொடுத்தது. நூலால் பள்ளியில் ஏதேனும் ஒழுங்கு கெட்டதுண்டா என்று கேட்டபோது, அடைத்துவைத்தவர்களால் ஒரு நிகழ்ச்சியைக்கூடக் காட்ட முடியவில்லை. அந்தச் சிறுமிக்குத்தான் வீட்டிலேயே நூல் இருக்கிறதே, என்ன இழப்பு என்று வாதிட்டார்கள். சீட்டு வாங்கி வந்து கேட்கவைப்பதே ஒரு களங்கம், ஒரு தடை என்றார் நீதிபதி. 2003 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: நூல்களை மற்ற நூல்களோடு அலமாரியிலே வைக்கவேண்டும், எந்தப் பிள்ளையும் எந்தச் சீட்டுமின்றி எடுத்துச்செல்லலாம்.